போயிருச்சா என்று கேட்டவர்

அவர் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய ராசாவில் எங்கள் வீட்டுக்கு முன்னால் என் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த சமயம் அது. கேட்டுக்கு வெளியே பருத்திப் புடவையும் ரப்பர் செருப்புமாக ஓர் அம்மாள் வந்து நின்றார். பசியாறியாச்சா, நல்லா இருக்கீங்களா என்று ஒன்றும் கிடையாது. நிமிர்ந்து எங்கள் வாசலைப் பார்த்தபடி, "போயிருச்சா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்க மாமியார் இன்னும் இருக்காங்க. நீங்க யாரு?" என்றேன்.

அவர் பதறிப்போனார். "ஐயையோ, நான் குருவியக் கேட்டேன்மா," என்று மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே ஒரு குருவிக் கூடு இருந்தது. அது எப்போது காலியானது என்று எனக்குத் தெரியாது. பிடுங்கிப் போடச் சோம்பல்பட்டு விட்டு வைத்திருந்தேன். "போயிருச்சு," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அந்தக் காலிக் கூட்டையே பார்த்தார். வந்த விசயத்தை அதற்குப் பிறகுதான் சொன்னார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதிலிருந்து மதியம் ஏற்றப் போகும்வரை நிற்கிற என் வேன் அவருக்கு வாடகைக்கு வேண்டுமாம்.

அப்படித்தான் நான் அவருக்கு வண்டி ஓட்ட ஆரம்பித்தேன். அவரை அக்கா என்று கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள்.

அவர் கியூரேட்டர். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "படம் வரையறவங்க வேற, செதுக்கறவங்க வேற. நான் எதுக்குப் பக்கத்துல எத வைக்கணும்னு பாக்கறவ," என்றார். கடையில் சாமான் அடுக்குகிற மாதிரியா என்றேன். "அதேதான் லா," என்று சிரித்தார். ஐரோப்பாவில் ஊர் ஊராகக் காட்சிக்கூடங்களில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவர் அடுக்கியதெல்லாம் இல்லாமல் போனவை: வற்றிப்போன குளத்துச் சேறு, குழாய்க்குள் புதைத்துவிட்ட ஓடையின் சத்தம், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. இதைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு என் கண்ணாலேயே பார்த்தேன்.

என் வேன் பட்ட பாட்டைக் கேட்கக்கூடாது. மதியம் பிள்ளைகள் ஏறும்போது இருக்கைக்கு அடியில் ஒரு கண்ணாடிப் புட்டியில் செத்த மீன் கிடக்கும். ஒரு நாள் பாம்புச் சட்டை கிடந்தது. அதை ஒரு சின்னப் பெண் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் அம்மா என்னைப் போனில் பிடித்துக் கிழித்த கிழி இன்னும் காதில் நிற்கிறது. அக்காவிடம் போய்க் கத்தினேன். அவர் கவலைப்பட்டது வேறு விசயத்துக்கு. "சட்ட கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

ஆனால் அவருடைய முக்கியமான கேள்வி ஒன்றுதான். எந்தத் தோட்டத்துக்குப் போன் போட்டாலும் முதல் வார்த்தையே "போயிருச்சா?" என்பதுதான். எதிர்ப்பக்கம் "போயிருச்சு" என்றால் போனை ஒரு தடவை மடியில் வைத்து எடுப்பார். பிறகு யார் வெட்டியது, கட்டை எங்கே கிடக்கிறது, மண் இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று காரியத்தில் இறங்கிவிடுவார். "இல்ல, இருக்கு" என்றால் நீளமாக ஒரு மூச்சை விட்டு "சரி, சரி" என்பார். அந்த மூச்சு எனக்கு ஏமாற்றமாகத்தான் கேட்டது. சாமான் இன்னும் கைக்கு வரவில்லையே என்ற ஏமாற்றம். 

பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் முனியாண்டி கோயில் மரம் ஒன்று இருந்தது. நிலத்தை விற்றபோது சாமியை மேளதாளத்தோடு புதுக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மரத்தை வெட்டினார்கள். அடிக்கட்டையை அக்கா கெஞ்சிக் கேட்டு வாங்கி, சிரம்பானில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் கண்காட்சிக்கு வைத்தார். மஞ்சளும் குங்குமமும் அதில் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன. கீழே ஒரு பெயர் அட்டை. இன்ன மரம், இன்ன இடம், இன்ன காரணத்தால் வெட்டப்பட்டது என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெடாஸிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் மனைவி பிள்ளைகளோடு வந்தார். படி ஏறியதும் செருப்பைக் கழற்றினார். நேராகக் கட்டைக்கு முன்னால் போய், சட்டைப்பையிலிருந்து சூடத்தை எடுத்து, பளபளவென்று மெழுகிய பலகைத் தரையில் வைத்துக் கொளுத்திவிட்டார். புகை மணி அலறத் தொடங்கியது. காவல்காரர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். சுற்றிப் பார்க்க வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் இதுவும் கண்காட்சியில் சேர்ந்தது என்று நினைத்துக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்கா காவல்காரரைக் கையால் தடுத்தார். சூடம் தானாக அணையும்வரை காத்திருந்துவிட்டு, "என்னாண்ணே வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டிக்கலைங்க," என்றார் அவர் கூச்சத்தோடு. "சாமிதான் அங்கிட்டுப் போயிருச்சே. இது மட்டும் தனியா இருக்குமேன்னு பாக்க வந்தேன்."

மறுநாள் காலை நான் போனபோது அந்தப் பெயர் அட்டை இல்லை. தரையில் சூடம் எரிந்த கறுப்பு வட்டத்தைத் துடைக்கவேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாராம். கண்காட்சி முடியும்வரை தமிழ் ஆட்கள் எல்லாரும் செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு ஏறினார்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த மரம் நின்ற பெடாஸில்தான் இன்னொன்றும் நடந்தது. தோட்டத்துக்கு வெளியே கடை வைத்திருந்த ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தோ பாருங்க, உங்க அக்காவ இங்க கூட்டிட்டு வராதீங்க லா. போன தடவ வந்து குளத்த உத்து உத்துப் பாத்துச்சு. குளம் போச்சு. அப்புறம் கோயில் மரத்தப் பாத்துச்சு. அதுவும் போச்சு. இப்ப என் வீட்டு மாமரத்துக்கிட்ட நின்னுக்கிட்டு இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். அக்கா உண்மையாகவே அந்த மாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். போகப்போகிற இடமாகப் பார்த்து அவர் வருகிறாரே தவிர, அவர் வந்ததால் எதுவும் போகவில்லை. ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஏனென்றால் அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் பார்த்திருந்தேன். எண்ணெய்க்காகப் போட்ட செம்பனைக் காட்டுக்குள் போகும்போது நிலம் அளக்கிறவர்கள் அடித்த முளைக்குச்சி தென்பட்டால், அதன் தலையில் சிவப்பு ரிப்பன் ஆடினால், அக்கா ஆளே மாறிவிடுவார். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறப்பார். நடையில் வேகம் வந்துவிடும், முகம் பளிச்சென்று ஆகிவிடும். இழவு வீட்டுக்குப் போகிறவர் முகம் இப்படியா இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் கேட்டும்விட்டேன். "ஏங்கா, இருக்கிறப்பவே வந்து படம் புடிச்சுக் காட்டக்கூடாதா? செத்தப்புறம்தான் வரணுமா?"

"இருக்கிறப்ப யாரும்மா பாக்குறா?" என்றார். "உங்க வீட்டுக் குருவிய நீ பாத்தியா?"

 எனக்குக் கோபம் வந்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ராசாவரை ஓட்டினேன்.

அவருடைய அப்பாவைப் பற்றித் தெரிந்தது ரொம்பப் பிந்தித்தான். லாபு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற கித்தா மரங்களை அழித்துச் செம்பனை போட்டபோது எலித் தொல்லை தாங்க முடியவில்லையாம். எலியைப் பிடிக்க ஆந்தை வளர்க்கலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே உயரமான இரும்புக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் பலகைப் பெட்டி வைப்பார்கள். வெள்ளை முகத்துக் கூகை தானாக வந்து அதில் குடியேறும். அந்த வேலையைச் செய்ய ஒரு ஆளும் முன்வரவில்லை. ஆந்தை கத்தினால் சாவு விழும் என்று நம்புகிற ஆட்கள் வாழ்ந்த வரிசை வீடுகள்தான் அந்த லயம். மலாய்க்காரர்களும் அதைப் பேய்ப்பறவை என்றுதான் சொல்கிறார்கள். அக்காவின் அப்பாதான் சரி என்றார். அதற்குப் பிறகு அவரைக் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரவைக்கமாட்டார்களாம். பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவர் போனால் உள்ளே கூப்பிடமாட்டார்களாம்.

"அப்பாவுக்கு வருத்தம் இல்லியா?" என்றேன்.

"அவரு எங்க வருத்தப்பட்டாரு? சாயங்காலம் ஆனா என்னையும் தோள்ல தூக்கிக்கிட்டுப் போயி, எந்தப் பெட்டில ஆளு வந்திருக்குன்னு பாப்பாரு. வந்திருந்தா அன்னிக்கு வீட்ல பாட்டுதான்."

அவர் அப்பாவையும் ஆந்தைதான் கொண்டுபோனது என்று ராசாவில் ஒரு பேச்சு இருந்தது. அதையும் கேட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீனி வியாதிமா. ஆஸ்பத்திரில போனாரு. கத கட்டாதீங்க."

பிறகு ஆந்தைகளே போகத் தொடங்கின. எலிக்கு வைத்த மெழுகுக் கட்டி விசம்தான் காரணம் என்று அக்கா சொன்னார். விசம் தின்ற எலியைத் தின்று ஆந்தை சாகிறது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் எத்தனையோ தோட்டங்களில் கம்பமும் பெட்டியும் நிற்கின்றன, உள்ளே ஒன்றும் இல்லை. அந்தக் காலிப் பெட்டிகளை எல்லாம் கோலாலம்பூரில் ஒரு பெரிய கூடத்தின் சுவர் முழுக்க அடுக்கி வைக்கவேண்டும் என்பது அவருடைய திட்டம். அதற்கு முன்னால் அவர் செய்ததெல்லாம் அதற்கான ஒத்திகை என்றுகூடச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அழைப்பிதழ்கூட அடித்துவிட்டார்கள்.

வாரக்கணக்கில் பெட்டிகளை என் வேனில் சேர்த்தோம். இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏற்றினோம், பிள்ளைகள் ஏறுவதற்குள் மறுபடியும் மாட்டினோம். ஒவ்வொன்றிலும் எலி மயிரும் சின்ன எலும்புகளும் கட்டிகட்டியாகக் கிடந்தன. ஆந்தை தின்றுவிட்டுக் கக்கியவை. அவற்றைக் கொட்டாமல் அப்படியே கொண்டுவர வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு. காற்று அடித்தால் பெட்டிகளின் வட்ட வாசல்களில் ஊங் என்று ஒரு சத்தம் வரும். பெட்டிகள் நிறைந்த வேனை நெடுஞ்சாலையில் ஓட்டும்போது எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கப் பிடிக்காது.

சுவரின் நடுவில் ஓர் இடத்தை மட்டும் அவர் காலியாக விட்டு வைத்திருந்தார். அது அப்பா நட்ட கம்பத்தின் பெட்டிக்கு. பெட்டிகளை மாற்றிக்கொண்டே வந்திருந்தார்கள், கம்பம் மட்டும் அப்பா நட்டதே. அந்தத் தோட்டத்தையும் விற்றாகிவிட்டது. ஒரு பக்கத்திலிருந்து மரங்களைச் சாய்த்துக்கொண்டே வந்தார்கள். ஆனால் அந்தப் பெட்டி காலியாகவில்லை. உள்ளே கூகையும் குஞ்சுகளும் இருந்தன.

அங்கே கடைசியாக மிஞ்சியிருந்தவர் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒருவர், வயதில் என்னைவிட மூத்தவர், நல்ல மனிதர். சின்ன வயதில் அக்காவின் அப்பாவுக்கு ஏணி பிடித்தவராம். அக்காவைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருந்தாலும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவருக்குத் தினமும் போன் போட்டார்.

"அண்ணே, போயிருச்சா?"

"இல்லம்மா. இருக்கு."

நீளமாக ஒரு மூச்சு. "சரி, சரி."

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. கண்காட்சி நெருங்கியது. புல்டோசர்களும் நெருங்கின. கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் நச்சரித்தார்கள், நடுவில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று. அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூடப் போன் போட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. குஞ்சு பொரித்த பறவை எப்போது ஒழியும் என்று காத்திருக்கிற மனுசி என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் காலை மண்டோரே கூப்பிட்டார். பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தோம். போனை அக்கா வெளியே கேட்கும்படி வைத்திருந்தார். "அம்மா, போயிருச்சு. வந்து எடுத்துக்குங்க," என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

லாபுவுக்குப் போனோம். லயத்து வாசலில் பெட்டியை ஒரு பெஞ்சின் மேல் வைத்து, புது வேட்டியால் மூடி வைத்திருந்தார். பக்கத்தில் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றார். வேட்டியை எடுத்தார். பெட்டி பளிச்சென்று இருந்தது. சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். எலும்பு, மயிர் ஒன்றும் இல்லை.

"அழுக்கா இருந்துச்சும்மா. கோலாலம்பூருக்குப் போறதாச்சே. நம்ம தோட்டத்துப் பேரு பெருசா எழுதுவீங்கதானே? இனி பேரு மட்டுந்தான் இருக்கும்."

அக்கா பெட்டியைத் தொடவில்லை. "குஞ்சு எங்கண்ணே?"

"மெதுவாத்தாம்மா எறக்கினேன். ஒண்ணும் அடி படல. ஒரு கூடைல வச்சி மரத்தடியில விட்டேன். தாய் வந்து பாத்துக்கும்னு. காலைல போயிப் பாத்தேன், காணும். எது தூக்கிட்டுப் போச்சோ."

அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் எறக்கச் சொல்லலியேண்ணே," என்றார்.

மண்டோருக்குப் புரியவில்லை. "தினமும் கேட்டீங்களேம்மா, போயிருச்சா போயிருச்சான்னு."

"கேட்டேன். எறக்கச் சொல்லல."

"தோட்டத்துல வேற எப்படிம்மா சொல்லுவாங்க?" என்று கேட்டார் மண்டோர். அவர் எதிர்த்துப் பேசவில்லை, உண்மையாகவே கேட்டார். "தொர வந்து புல்லு வெட்டியாச்சான்னு கேட்டா, வெட்டலன்னா ஓடிப்போயி வெட்டணும். வாயத் தொறந்து வெட்டுன்னு எந்தத் தொர சொல்லியிருக்காரு? நீங்களும் இங்கதானே பொறந்தீங்க?"

 அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும் அது. என் அப்பாவும் அப்படி ஓடியவர்தான். இத்தனை வருசம் வெளிநாட்டில் இருந்ததில் அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. தான் எப்போது தொர ஆனோம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

"திருப்பி ஏத்துங்கண்ணே," என்றார் கடைசியில். மண்டோர் ஏணியைத் தூக்கினார். பெட்டியைக் கம்பத்தில் மறுபடியும் கட்டினார்.  நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, மதியம் பிள்ளைகளை ஏற்ற ஒரு வண்டி பிடிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். கேட்காதீங்க என்றேன்.

பொழுது சாய்கிற நேரம் வேனுக்குள் உட்கார்ந்து காத்திருந்தோம். தூரத்தில் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. சாய்த்த செம்பனை மட்டைகளின் புளித்த வாடை வந்தது. வெளிச்சம் முழுக்கப் போவதற்குள் கூகை வந்தது. சத்தமே இல்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று கம்பத்தின் மேல் இறங்கியது, அவ்வளவுதான். அதன் வாயில் ஒரு எலி தொங்கியது. வட்ட வாசலில் தலையை விட்டது. உள்ளே போனது. வெளியே வந்தது. எலி இன்னும் வாயிலேயே இருந்தது. பெட்டியின் கூரை மேல் ஏறி உட்கார்ந்து, எங்கள் பக்கமும் மற்றப் பக்கமும் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மறுபடியும் உள்ளே போய்ப் பார்த்தது. எலியைக் கீழே போடவேயில்லை.

மண்டோர் லயத்து வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அக்கா அழவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் சொன்னார். "இல்லன்னு சொல்லுவாங்கன்னுதான் நான் கேக்கறது. எங்க போன் போட்டாலும் அதுக்குத்தான் கேக்கறேன். இல்ல, இருக்குன்னு ஒரு வார்த்த காதுல விழுந்தா அன்னிக்குப் போதும்."

 அந்தப் பெருமூச்சை இத்தனை வருசம் பக்கத்தில் இருந்தே நான் தப்பாகக் கேட்டிருக்கிறேன்.

"ஆனா பெட்டியும் வேணும்னு இருந்துச்சே," என்றார் அவரே. "அதுவும் என் குரல்ல இருந்திருக்கும். மண்டோருக்கு அது கேட்டுருச்சு. எனக்குத்தான் கேக்கல."

கண்காட்சி குறித்த நாளில் திறந்தது. அக்கா போகவில்லை. சுவரின் நடுவில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அந்த வெற்றிடம்தான் கண்காட்சியின் உச்சம், என்ன ஓர் அற்புதமான கற்பனை என்று இங்கிலீஷ் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்த மகா கற்பனை நேரத்தில் அவர் லாபுவில் ஒரு கம்பத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தார் என்று யாரிடம் போய்ச் சொல்வது? தினமும் பொழுது சாய அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். கூகை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் எலியோடு வந்தது. பிறகு எலி இல்லாமல் வந்தது. பிறகு புல்டோசர் அந்த வரிசைக்கே வந்துவிட்டது. கம்பம் விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை. போனபோது எல்லாம் செம்மண்ணாகக் கிடந்தது. பொழுது சாய்ந்தது. கம்பம் நின்ற இடத்துக்கு மேலே, ஒன்றுமில்லாத காற்றில், அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. இறங்க இடம் தேடியிருக்கும். அக்கா அன்றைக்குத்தான் வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு அவர் கண்காட்சி எதுவும் வைக்கவில்லை. கூப்பிட்டவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். போகப் போக அது உண்மையாகவே ஆகிவிட்டது. ராசாவில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார். போன் போடுவதையே விட்டுவிட்டார். எங்கள் மீட்டர் பெட்டிக்கு மேலே அந்தப் பழைய கூட்டில் மறுபடியும் குருவி வந்திருக்கிறது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். வந்து பார்ப்பார் என்று நினைத்தேன். "நான் வந்து பாக்க வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார். பெடாஸ் கடைக்காரி சொன்னதை நான் அவரிடம் சொன்னதில்லை. இருந்தாலும் அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

மண்டோர் நீலாயில் மகளோடு அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். அக்காவிடம் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. எப்போதாவது எனக்குப் போன் போடுவார். அம்மா நல்லாருக்காங்களா, சாப்பிடறாங்களா என்று கேட்பார். என் மேல கோவமா இருக்காங்களா என்று ஒருமுறை கேட்டார். இல்லண்ணே, உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லுவாங்க என்றேன். அது உண்மைதான்.

அக்கா சிரம்பான் ஆஸ்பத்திரியில் காலமானார். சத்தமில்லாமல் போனார். வெளிநாட்டிலிருந்து பூ வந்தது. மண்டோருக்கு நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று போனை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவரே கூப்பிட்டார். மதிய நேரம், பள்ளி வாசலில் வண்டியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவருடைய குரல் ரொம்பத் தளர்ந்திருந்தது.

"பாசார்ல மீன் வாங்கறப்ப ஒரு ஆளு என்னமோ சொன்னாரும்மா. எனக்கு நம்பிக்க இல்ல. அதான் உங்களக் கேட்டுக்கலாம்னு." ஒருமுறை இருமிவிட்டுத்தான் கேட்டார். "அம்மா... போயிட்டாங்களா?"

ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது.

"இல்லண்ணே," என்றேன். "இருக்காங்க."

எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"சரி, சரி," என்றார்.